பழைய ஃபேர்னஸுக்குப் பதிலாக என்ன? ஸ்காபரோ வீடொன்றின் வெப்பமூட்டல் தெரிவு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், 1980களில் கட்டப்பட்ட இரட்டை வீடுகளில் ஒன்று. ஒரு பக்கச் சுவர் அயல்வீட்டோடு ஒட்டியது. மேலே கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தாயார். பேஸ்மென்டில் வாடகைக்கு இரண்டு மாணவர்கள். அவர்கள் வந்துபோவது வீட்டின் பக்கவாட்டு ஒழுங்கையால். இந்த ஒழுங்கை பின்னால் கதைக்குள் வரும்.

சூடு தந்தது 2004 அளவில் பூட்டிய காஸ் ஃபேர்னஸ். அதன் தகட்டில் மணிக்கு 90,000 பி.ரி.யூ (சூட்டை அளக்கும் அலகு) உள்ளீடு, 80 வீதச் செயல்திறன் என்று இருந்தது. எரியும் ஒவ்வொரு டொலர் காஸிலும் இருபது சதம் சிம்னியால் வெளியே போகிறது என்பதே அந்த 80இன் பொருள். கனடாவில் 2009 டிசம்பர் 31 முதல் தயாரான வீட்டு காஸ் ஃபேர்னஸ்களுக்கு ஆகக்குறைந்த செயல்திறன் 90 வீதம் என்று சட்டமாகி, 2019 ஜூலையில் அது 95 ஆக்கப்பட்டது. ஆகவே இந்த வகையைத் திரும்ப வாங்கவே முடியாது. வெளியே நின்ற ஏசியும் அதே வயது. சுடுநீர்த் தாங்கி வாடகைக்கு எடுத்தது. ஃபேர்னஸின் புகையும் தாங்கியின் புகையும் ஒரே சிம்னியால் போயின.

2024 ஒக்டோபரில், குளிர்காலத்துக்கு முந்திய வழக்கமான சோதனைக்கு வந்த காஸ் தொழில்நுட்பர் உள்ளே துருவைக் கண்டு ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். உடனே நிறுத்த வேண்டிய வகையல்ல, குறித்த தவணைக்குள் சரிசெய்ய வேண்டிய வகை. வீட்டுக்காரருக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் குளிர் தொடங்கும் நேரத்து அவகாசம் நீளமானது அல்ல.

முதலில் வந்த தீர்வு

அந்த வாரமே ஒரு தொலைபேசி அழைப்பு: ‘இலவச ஃபேர்னஸ் சோதனை’. வீட்டுக்காரர் சரி என்றார். வந்தவர் தமிழர், மரியாதையாகப் பேசினார், மாமியிடம் சுகம் விசாரித்தார். அவர் நீட்டிய ஒப்பந்தத்தில் புதிய ஃபேர்னஸுக்கு முன்பணம் இல்லை. மாதம் 130 டொலர், பத்து ஆண்டு, ஆண்டுக்கு 3.5 வீத ஏற்றம். ‘பழுதானால் எங்கட பொறுப்பு அண்ணை, நீங்கள் யோசிக்கவே தேவையில்லை’ என்றார்.

மனைவி அன்றிரவு கணக்குப் போட்டார். ஏற்றத்தோடு கூட்டினால் பத்து ஆண்டில் பதினெட்டாயிரம் டொலருக்கு மேல். அதே தரமான ஃபேர்னஸைக் காசு கொடுத்து வாங்கிப் பூட்ட அப்போது கிடைத்த விலைகள் ஐயாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் இடையில். கையெழுத்து வைக்கவில்லை.

எங்கள் ஆட்களிடையே இந்த வாடகை ஒப்பந்தங்கள் மிக அதிகம் என்பதால் சட்ட நிலையையும் சொல்லிவைப்பது நல்லது. ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், நீங்கள் அழைக்காமல் வீட்டு வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுநீர்த் தாங்கி போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது தடை. வீட்டில் வைத்து எழுதும் ஒப்பந்தத்திலிருந்து பத்து நாளுக்குள் விலகும் உரிமையும் உண்டு. முன்பு இந்த நிறுவனங்கள் சாதனத்தின் மீதுள்ள தங்கள் உரித்தை வீட்டுக் காணிப் பதிவிலேயே பதிந்துவைக்கும். வீட்டை விற்கும் நாளில்தான் அது தெரியவரும், நீக்குவதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். நுகர்வோர் பொருட்களுக்கு அப்படிப் பதிவது 2024 ஜூன் 6 முதல் இல்லாமலாக்கப்பட்டது. பதிவு போனாலும் ஒப்பந்தம் போகவில்லை: கையெழுத்து வைத்த மாதக் கட்டணத்தைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

வீட்டை அளந்தபோது

அந்தக் கணக்குக்குப் பிறகுதான் ஆலோசனைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, ‘ஹீற் பம்ப் இந்தக் குளிருக்குத் தாங்குமோ?’ பலரும் இதைத்தான் கேட்கிறார்கள் (ஹீற் பம்ப் என்பது வெளிக்காற்றின் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் இயந்திரம்). இந்த வீட்டுக்கு ஒரு மணிநேரத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

எனர்கைட் எனப்படும் வீட்டு ஆற்றல் மதிப்பீட்டுக்குப் பதிவுபெற்ற ஆலோசகர் வந்தார். முன்கதவில் விசிறி பூட்டி, வீட்டுக்குள் அழுத்தத்தை 50 பஸ்கால் குறைத்து, காற்று எங்கெங்கே புகுகிறது என்று பார்க்கும் சோதனை. அந்த அழுத்தத்தில் வீட்டின் காற்று முழுவதும் மணிக்கு ஆறு தடவைக்குச் சற்று மேல் மாறியது. பேஸ்மென்ட் சுவரின் மேல் விளிம்பு, அற்றிக் (கூரைக்குக் கீழுள்ள வெளி) மூடி, குளியலறை விசிறியைச் சுற்றிய இடைவெளி ஆகியவற்றில் கையை வைத்தாலே குளிர்காற்று தெரிந்தது. ஊரில் காற்றோட்டமான வீடுதான் நல்ல வீடு என்று வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மனதைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. அற்றிக்கில் இருந்த காப்புப் பஞ்சு ஆர்-12 (ஆர் இலக்கம் கூடக்கூட சூடு வெளியேறுவது குறையும்) அளவுக்கு அமர்ந்துபோயிருந்தது. இன்றைய புதுவீடுகளுக்கு ஒன்ராறியோவில் கேட்கப்படுவது ஆர்-60.

அடுத்தது வெப்ப இழப்புக் கணக்கு. கனடாவில் இதற்குரிய நியமம் சி.எஸ்.ஏ. எஃப்280. சுவர், யன்னல், கூரை, கசிவு எல்லாவற்றையும் எடுத்து, அந்த ஊரின் வடிவமைப்பு வெப்பநிலையில் வீடு இழக்கும் சூட்டைத் தருகிறது. ஸ்காபரோவுக்கு அந்த வெப்பநிலை -20 பாகை. வந்த விடை மணிக்கு ஏறத்தாழ 32,000 பி.ரி.யூ. பழைய ஃபேர்னஸ் வெளிவிட்டது 72,000. வீட்டின் தேவைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

இதை நம்ப வீட்டுக்காரர் தயங்கினார். ‘இவ்வளவு பெரிசு இருந்தும் மாமியின்ர அறை குளிருதே?’ குளிர்ந்ததற்கு அந்தப் பெரிய அளவும் ஒரு காரணம். அளவு மிஞ்சிய ஃபேர்னஸ் சில நிமிடம் கொதிக்கும் காற்றை ஊதும், தேர்மோஸ்டற் இருக்கும் கூடம் சூடாகும், நின்றுவிடும். தூரத்து அறைக்குப் போதிய காற்றுப் போய்ச் சேருமுன் சுற்று முடிந்துவிடும். மாமியின் அறை மேல்மாடியில், ஃபேர்னஸிலிருந்து மிகத் தூரத்தில், அற்றிக்கின் நேர்க் கீழே இருந்தது. கதவை மூடினால் காற்றுத் திரும்பிப் போகவும் வழியில்லை.

இரண்டாவதாக ஒரு சரிபார்ப்புக்கு காஸ் பில்களை எடுத்தோம். முந்திய இரண்டு ஆண்டுச் சராசரி சுமார் 2,300 கன மீற்றர். கோடை மாதங்களில் மாதம் நாற்பது போல எரிந்தது. அது சுடுநீர். ஆண்டுக்கு 500 என்று கழித்தால் சூட்டுக்கு 1,800. ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 10.5 கிலோவாற் மணி இருக்கிறது. அதில் 80 வீதம் வீட்டுக்குள் வந்தால், ஆண்டுக்கு 15,000 கிலோவாற் மணி. இந்த வழியால் பார்த்தாலும் 90,000 பி.ரி.யூ இயந்திரத்துக்கு வேலையே இல்லை. பில்லை வைத்துப் போடும் இந்தக் கணக்கை எவரும் வீட்டிலேயே செய்யலாம், விலைகேட்கப் போகுமுன் செய்யவும் வேண்டும்.

மூன்று வழிகள்

முதலாவது: 96 வீத காஸ் ஃபேர்னஸ், புதிய ஏசி. கிடைத்த விலை 9,800 டொலர்.

இரண்டாவது: கடுங்குளிருக்கான ஹீற் பம்ப், அதற்குத் துணையாக அளவான காஸ் ஃபேர்னஸ். 15,500. ஹீற் பம்ப் கோடையில் ஏசியாகவும் இயங்கும், ஆகவே தனி ஏசி வேண்டாம்.

மூன்றாவது: முழுவதும் மின்சாரம். பெரிய ஹீற் பம்ப், துணைக்கு 10 கிலோவாற் மின்சூடாக்கி. இயந்திர விலையை விட இங்கே தடுத்தது மின்பலகை. வீட்டுக்கு 100 அம்பியர் இணைப்பு. மேலும் கீழும் இரண்டு மின் அடுப்பு, உடுப்பு உலர்த்தி. 200க்கு உயர்த்தும் செலவையும் சேர்த்தால் 22,000 கடந்தது.

ஹீற் பம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இழுத்துத் தருகிறது. அதனால் ஒரு அலகு மின்சாரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அலகு சூடு கிடைக்கும். இந்த விகிதத்தைச் சி.ஓ.பி. என்பார்கள். நல்ல கடுங்குளிர் வகைகளில் வெளியே 8 பாகை இருக்கும்போது மூன்றுக்கு மேல், -15இல் இரண்டை ஒட்டி. குளிர் கூடக்கூட இரண்டு விடயம் ஒன்றாக நடக்கும்: வீட்டின் தேவை ஏறும், இயந்திரத்தின் திறன் இறங்கும். ‘தாங்குமோ’ என்ற கேள்விக்கு விடை இந்த இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் இருக்கிறது.

விற்பனையாளர் இருவர் மூன்றரை தொன் (இயந்திரத்தின் திறனைச் சொல்லும் அலகு, எடையல்ல) இயந்திரம் சொன்னார்கள். பெரிதாக இருந்தால் பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். ஒரு தொன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று ஓட வேண்டும். இந்த வீட்டுக் காற்றுக் குழாய்கள் அதற்கு ஒடுக்கம். ஓடவைத்தால் இரைச்சல், விசிறிக்குச் சிரமம், கோடையில் ஈரப்பதன் சரியாக இறங்காது. அற்றிக்கையும் கசிவையும் முதலில் திருத்தினால் தேவை 27,000 பி.ரி.யூ அளவுக்கு இறங்கும் என்று கணக்குக் காட்டியது. அப்போது இரண்டரை தொன் போதும். அது -13 பாகை வரை வீட்டைத் தனியே தாங்கும். அதற்குக் கீழே போகும் மணிநேரங்கள் ரொறன்ரோவில் சொற்பம், அவற்றை காஸ் பார்த்துக்கொள்ளும்.

குடும்பம் இரண்டாவது வழியை எடுத்தது. மனைவியின் காரணம் எளியது: ஏசியும் சாகக் கிடந்தது. புது ஏசியின் விலையை முதல் வழியில் சேர்த்தே பார்த்தபோது வித்தியாசம் 5,700 டொலர்தான். எங்கள் காரணம் வேறு. காஸ் விலையும் மின்விலையும் அடுத்த பத்து ஆண்டில் எப்படி நகரும் என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டும் உள்ள வீடு எது மலிவோ அதற்கு மாறிக்கொள்ளலாம். ஒன்றோடு மட்டும் கட்டுப்பட்ட வீட்டுக்கு அந்த வசதி இல்லை. பின்னர் நடந்ததைப் பார்க்கும்போது இந்தக் காரணம்தான் நின்றது.

பணத்துக்கு அப்போது திறந்திருந்த மத்திய அரசின் வட்டியில்லாக் கடன் உதவியது. உச்சம் 40,000 டொலர், பத்து ஆண்டில் திருப்பிக் கட்டுவது. ஹீற் பம்ப், காப்பு, கசிவடைப்பு ஆகியவற்றுக்கு அது கிடைத்தது, காஸ் ஃபேர்னஸுக்கு இல்லை. அனுமதி வருமுன் வேலை தொடங்கக் கூடாது என்பதால் நவம்பரில் சில வாரம் காத்திருக்க நேர்ந்தது. அதே அரசின் ஐயாயிரம் டொலர் மானியம் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. இந்தத் திட்டங்கள் திறப்பதும் மூடுவதும் அடிக்கடி நடப்பதால், ஓராண்டுக்கு முன் பூட்டிய உறவினர் சொல்லும் தொகையை நம்பித் திட்டம் போடக் கூடாது.

வேலை நடந்த ஒழுங்கு

அற்றிக் முதலில். மேல்மாடிக் கூரையில் உள்ள ஓட்டைகள், மின்கம்பித் துளைகள் எல்லாம் அடைக்கப்பட்ட பின்னரே செல்லுலோஸ் காப்புப் பஞ்சு ஊதப்பட்டது. ஊதிய பின் அடைக்கப் போனால் அடைபடாது. பேஸ்மென்ட் மேல் விளிம்புக்கு நுரை. கைக்கெட்டிய காற்றுக் குழாய் மூட்டுகள் பசையாலும் உலோக நாடாவாலும் மூடப்பட்டன. மாமியின் அறைக் கதவின் அடி கொஞ்சம் சீவப்பட்டது. அந்தச் சீவலுக்கு ஒரு சதமும் ஆகவில்லை, ஆனால் அந்த அறை மாறியதில் அதற்குப் பங்கு உண்டு.

ஹீற் பம்பின் வெளிப்பகுதியை ஒழுங்கையில் வைப்பது பூட்டுபவருக்கு வசதி. குழாய் நீளம் குறையும். குளிர்காலத்தில் அதன் மேல் உறைபனி படியும். அதைத் தானே உருக்கி நீரைக் கீழே விடும். அந்த நீர் ஒழுங்கைச் சீமெந்தில் ஓடி உறைந்தால், பேஸ்மென்டுப் பிள்ளைகள் தினமும் கண்ணாடி மேல் நடக்க வேண்டிவரும். எனவே பின்வளவில், நிலத்திலிருந்து உயர்த்திய இரும்புத் தாங்கியில் வைக்கப்பட்டது. கூடுதல் செலவு சில நூறு டொலர்.

எல்லாரும் மறந்துபோகும் பகுதி சிம்னி. புதிய 96 வீத ஃபேர்னஸ் புகையை பி.வி.சி குழாயால் பக்கச் சுவர் வழியே விடும். அப்போது பழைய சிம்னியில் சுடுநீர்த் தாங்கி மட்டும் தனித்து நிற்கும். இரண்டு புகைக்கென்று கட்டிய அகலமான சிம்னி ஒன்றுக்கு மிகப் பெரிது. புகை மேலே ஏறாமல் குளிர்ந்து திரும்பலாம். முதலில் அளவான உலோக உள்குழாய் போடுவதாகத் திட்டம். வீடு இறுக்கப்பட்ட பிறகு செய்த சோதனையில், சமையலறைப் புகைவாங்கியை முழு வேகத்தில் விட்டு, உலர்த்தியையும் குளியலறை விசிறிகளையும் போட்டபோது, தாங்கியின் புகை அறைக்குள்ளேயே வழிந்தது. மீன் பொரிக்கும்போது எவரும் அந்தப் புகைவாங்கியை மெதுவாக விடுவதில்லை. காபன் மொனொக்சைட் விடயத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது இல்லை. வாடகை நிறுவனத்தோடு பேசி, விசிறியால் புகையை வெளியே தள்ளும் வகைத் தாங்கி மாற்றப்பட்டது. மாத வாடகை கூடியது. மூன்று தளத்திலும் காபன் மொனொக்சைட் எச்சரிக்கிகளும் புதிதாக வைக்கப்பட்டன.

டிசம்பர் நடுப்பகுதியில் எல்லாம் ஓடத் தொடங்கியது.

முதல் குளிர்காலம்

மூன்றாம் நாள் மாமி மருமகனைக் கூப்பிட்டார். ‘தம்பி, இதில காத்துத்தான் வருது, சூடு வரேல்லை. இதுக்கோ இவ்வளவு காசு?’

அவர் சொன்னதில் ஒரு பகுதி சரி. காஸ் ஃபேர்னஸ் 50, 60 பாகைக் காற்றைக் கொஞ்ச நேரம் ஊதும். ஹீற் பம்பிலிருந்து வருவது 35க்கும் 40க்கும் இடையில், ஆனால் நீண்ட நேரம். காற்றுவாயில் கைவைத்துப் பார்த்தால் உடம்புச் சூட்டை ஒட்டியதாகவே இருக்கும். அவரது கட்டில் காற்றுவாயை ஒட்டிக் கிடந்தது. கட்டிலை எதிர்ச் சுவருக்கு நகர்த்தி, அறையில் ஒரு வெப்பமானி வைத்தோம். முந்திய ஆண்டுகளில் இரவில் 18 வரை இறங்கிய அறை இப்போது 21இல் நின்றது. இலக்கம் அவரைச் சமாதானப்படுத்தவில்லை. ஜனவரியில் கம்பளிச் சட்டையைத் தானாகக் கழற்றிவைத்தபோதுதான் பேச்சு நின்றது.

வீட்டுக்காரருக்கு இரவில் தேர்மோஸ்டற்றை 17க்கு இறக்கும் பழக்கம். காஸ் மட்டும் இருந்த காலத்தில் அது நல்ல பழக்கம். இங்கே காலையில் ஐந்து பாகை ஏற வேண்டியிருந்தால் ஹீற் பம்பால் விரைவில் முடியாது, துணை ஃபேர்னஸ் எழும்பிவிடும். ஹைட்ரோ (மின்சார) பில்லையும் காஸ் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முதல் மாதத்திலேயே இது பிடிபட்டது. இரவு இறக்கம் ஒரு பாகைக்கு மட்டுப்படுத்தப்பட்டது.

யன்னல்கள் வியர்த்தன. முன்பு ஓட்டைகளால் போன ஈரம் இப்போது உள்ளே நின்றது. ஏழு பேர், இரண்டு சமையலறை, காலையில் இடியப்பம், புட்டு. ஈரப்பதன் 55 வீதத்தைக் காட்டியது. வெளியே கடுங்குளிராக இருக்கும்போது அது 30, 35க்கு மேல் இருந்தால் யன்னல் விளிம்பில் பூஞ்சணம் பிடிக்கும். போதாததற்கு, பழைய ஃபேர்னஸிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டிய ஈரமூட்டி ஒன்றும் ஓடிக்கொண்டிருந்தது. வீடு காய்ந்து கிடந்த காலத்தில் வாங்கியது. அதை நிறுத்தி, குளியலறை விசிறிகளுக்கு நேரங்காட்டி ஆளி போட்டார்கள். யன்னல் பிரச்சினை பெருமளவு தணிந்தது. பேஸ்மென்டுக் குளியலறையில் இன்னும் கொஞ்சம் உண்டு.

2025 பெப்ரவரி நடுப்பகுதியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்து வந்த இரண்டு பனிப்புயல்கள் வெளிப்பகுதியை அரைவாசி மூடின. தாங்கி இல்லாமல் நிலத்தில் இருந்திருந்தால் முழுவதும் மூடியிருக்கும். பனி விலக்கும் இடங்களின் பட்டியலில் வாசலும் கார்ப்பாதையும் போல இதுவும் சேர்ந்துகொண்டது.

பில் சொன்னது

டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான ஐந்து மாதத்தை எடுத்தோம். முந்திய குளிர்காலத்தோடு நேரே ஒப்பிட்டால் பிழைக்கும்: 2023–24 கனடாவில் பதிவான மிகச் சூடான குளிர்காலம், 2024–25 அப்படியல்ல. எனவே ஒவ்வொரு மாதத்தின் குளிர் அளவாலும் வகுத்துச் சமப்படுத்தியே கீழுள்ள இலக்கங்கள்.

பழைய நிலையில் அந்த ஐந்து மாதத்துக்குச் சுடுநீரோடு 1,600 கன மீற்றர் எரிந்திருக்கும். எரிந்தது 500. மின்சாரம் சுமார் 2,800 கிலோவாற் மணி கூடியது. மார்ச் வரையான பில் விலையில், அளவோடு மாறும் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து காஸ் கன மீற்றருக்கு 45 சதம் அளவு, மின்சாரம் இவர்கள் ஓட்டிய நேரங்களின் சராசரியில் 10 சதத்துக்குச் சற்று மேல். காஸில் 495 டொலர் மிச்சம், மின்சாரத்தில் 295 மேலதிகம். தேறியது 200 டொலர்.

வீட்டுக்காரர் இன்னும் பெரிய தொகையை எதிர்பார்த்திருந்தார். அதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று இருந்தது. அற்றிக், கசிவு வேலைகளோடு முதல் வழியான சாதாரண 96 வீத ஃபேர்னஸை மட்டும் பூட்டியிருந்தால்? 1,190 கன மீற்றர் அளவில் முடிந்திருக்கும். அந்த மிச்சம் 185 டொலர். அதாவது பில்லில் குறைந்த பணத்தின் பெரும்பகுதியைத் தந்தவை கூரைப் பஞ்சும் நல்ல ஃபேர்னஸும். ஹீற் பம்ப் காஸில் மிச்சப்படுத்தியதை மின்சாரத்தில் செலவழித்துவிட்டது.

அப்படியானால் அது ஆற்றல் சிக்கனம் இல்லையா? சிக்கனம்தான். ஒரு அலகு மின்சாரத்துக்குச் சராசரி 2.5 அலகு சூடு தந்தது. ஒன்ராறியோ மின்சாரத்தில் அணுவும் நீரும் பெரும்பங்கு என்பதால், எரியாமல் விட்ட 690 கன மீற்றர் காஸ் ஏறத்தாழ 1.3 தொன் கரியமிலவாயுவை மிச்சப்படுத்தியது. கோடையில் பழைய ஏசியை விட இரைச்சலும் குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் செயல்திறன் என்பது ஒன்று, பில் என்பது இன்னொன்று, புகை என்பது மூன்றாவது. விற்க வருபவர்கள் மூன்றையும் ஒன்றாக்கி ‘சேமிப்பு’ என்கிறார்கள்.

ஏப்ரலுக்குப் பிறகு

2025 ஏப்ரல் 1 முதல் நுகர்வோர் மீதான மத்திய கார்பன் கட்டணம் நிறுத்தப்பட்டது. காஸில் அது கன மீற்றருக்கு 15.25 சதம். 45 சதம் ஒரே நாளில் 30 ஆனது. 96 வீத ஃபேர்னஸில் எரிக்கும்போது ஒரு கிலோவாற் மணிச் சூட்டின் விலை நாலரைச் சதத்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

எந்த வெப்பநிலையில் ஹீற் பம்பை நிறுத்தி காஸுக்கு மாறுவது என்பதைத் தேர்மோஸ்டற்றில் குறித்துவைக்கலாம். முதல் குளிர்காலத்தில் அது -8 பாகை. வார நாள்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் மின்கட்டணம் உச்சமாக, 15.8 சதமாக இருந்ததால், அந்த நேரங்களில் காஸ் மட்டும். நேரத்தை வைத்து எரிபொருள் மாற்றும் வசதி எல்லாத் தேர்மோஸ்டற்றிலும் இல்லை, வாங்கும்போதே கேட்க வேண்டும். பழைய காஸ் விலையில், இரவு நேர 7.6 சத மின்சாரத்தை விநியோகக் கட்டணத்தோடு பார்த்தால், சி.ஓ.பி. 2.1 இருந்தால் ஹீற் பம்ப் சமம். புதிய விலையில் 3.2 வேண்டும். அது வெளியே ஐந்து பாகைக்கு மேல் இருக்கும் மென்குளிர் நாள்களில்தான் கிடைக்கும்.

அதிகாலை வரை மிக மலிவான இன்னொரு கட்டணத் திட்டம் இருக்கிறது: 2025 ஒக்டோபர் வரை அதில் இரவு 11 முதல் காலை 7 வரை 2.8 சதமாக இருந்தது, ஆனால் வார நாள்களில் மாலை 4 முதல் 9 வரை 28.4. இரவு முழுவதும் ஹீற் பம்ப் காஸை வெல்லும். சிக்கல் மாலை ஐந்து மணிநேரம். இரண்டு சமையலறையும் எரிவது அப்போதுதான். மணிவாரியான மின்பாவனைத் தரவை இறக்கிக் கூட்டிப் பார்த்தபோது, குளிர்கால மாதங்களில் இரவு இலாபம் மாலை நட்டத்தைச் சற்றுத் தாண்டியது, மற்ற மாதங்களில் இல்லை. மாணவர்களின் சமையலைக் கட்டுப்படுத்துவது நியாயமில்லை என்று மனைவி சொன்னார். உடுப்புக் கழுவுவதை மட்டும் இரவு 11க்குப் பின் என்று ஒழுங்கு செய்து, குளிர்காலத்துக்கு மட்டும் அந்தத் திட்டத்துக்கு மாற முடிவெடுத்தார்கள். 2025 நவம்பர் 1 முதல் மின்கட்டணங்களும் ஏறின, பில்லில் தரும் அரச தள்ளுபடியும் ஏறியது. கணக்கை மீண்டும் போட வேண்டியிருந்தது. முடிவு மாறவில்லை.

முழுமின்சார வழிக்குப் போயிருந்தால் இந்த மாற்றங்களுக்கு ஏற்ப அவர்களால் காஸுக்கு மாறியிருக்க முடியாது. சுற்றுச்சூழலை முன்வைப்பவர்கள் இதை ஏற்கமாட்டார்கள், அவர்கள் தரப்பிலும் வலு உண்டு. ஆனால் வீட்டுக் கடனோடு மாதம் தள்ளும் குடும்பத்திடம் அந்தச் சுமையை முழுவதும் ஏற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

மறுபடி செய்தால்

புகை வழிவுச் சோதனையை முதல் மதிப்பீட்டு நாளிலேயே செய்வது. சுடுநீர்த் தாங்கியின் மாற்றம் தொடக்கத்திலேயே விலைப்பட்டியலில் வந்திருக்கும், நடுவில் வந்த தடுமாற்றம் இருந்திருக்காது.

வீட்டை இறுக்கும் ஒப்பந்தத்திலேயே காற்றோட்டத்தையும் எழுதுவது. ஏழு பேர் சமைத்துக் குளிக்கும் வீட்டுக்கு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் பரிமாற்றி தேவைப்படும். இப்போது அதற்கு விலை கேட்டிருக்கிறார்கள்.

அற்றிக் வேலையை ஒரு குளிர்காலம் முன்னதாகவே செய்திருந்தால், தேவை எவ்வளவு இறங்கியது என்பதைக் கணக்கில் மட்டுமன்றிப் பில்லிலும் பார்த்துவிட்டு இயந்திர அளவைத் தீர்மானித்திருக்கலாம். இரண்டு தொன்னே போதியிருக்கவும் கூடும். ஃபேர்னஸ் இருபது வயதைத் தொட்டிருந்தால் சிவப்பு அட்டை வரும்வரை இருக்காமல் ஏப்ரல், மே மாதங்களில் விலை கேட்கத் தொடங்கலாம். அந்த நேரத்தில் பூட்டுபவர்களுக்கும் வேலை குறைவு.

கடைசியாக, அதே தெருவில் இருக்கும் உறவினர் ஒருவர் இவர்கள் பூட்டிய அதே இயந்திரத்தைக் கேட்டு எங்களிடம் வந்தார். தனிவீடு, பேஸ்மென்டில் ஆள் இல்லை, அற்றிக் ஏற்கனவே திருத்தியது, ஏசிக்கு வயது நான்கு. அவருக்கு 96 வீத ஃபேர்னஸ் மட்டும் போடச் சொன்னோம்.